யார் போட்ட மீன்?

வாளியில் மூன்று மீன் கிடந்தது. பெயின்டர் பிடித்தது ஒன்றுதான்.

குனிந்து இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தார். மூன்றேதான். அவருடையது விரல் நீளம். மற்ற இரண்டும் முழங்கை நீளத்துக்கு வாளியை உதைத்துத் துள்ளிக்கொண்டிருந்தன.

வேறு ஆளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். பெயின்டர் சுவரைக்கூடத் தட்டிப் பார்க்காமல் நம்பாதவர். யாரோ பரிதாபப்பட்டு மீன் போட்டிருக்கிறார்கள் என்று உடனே அவருக்குப் பட்டது. பட்டதும் உடம்பு எரிந்தது.

விஷயம் சின்னதில்லை. விடுமுறைச் சாப்பாட்டுக்கு மகனின் மாமனார் வீட்டார் எட்டுப் பேர் மதியம் ஒரு மணிக்கு வருகிறார்கள். "நான் மீன் வாங்கிட்டு வரேன் சம்பந்தி" என்று அந்த மனுஷர் போனில் சொன்னார். "வெறுங்கையோட வாங்க. கடை மீனை எவன் நம்புவான்? நானே கடல்ல பிடிச்சுப் போடறேன்" என்று இவர் வாயை விட்டுவிட்டார். பிடிக்காமல் போனால் முகத்தில் கரிதான்.

பத்தடி தள்ளி மகன் தூண்டிலைப் பிடித்தபடி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, வாளியில மீன் போட்டியா?"

"எனக்கே இதுவரைக்கும் ஒண்ணும் மாட்டல. உங்களுக்கு எங்க தானம் பண்றது?"

"கடையில வாங்கினியா?"

"துள்ளற மீனை எந்தக் கடையில விக்கறான், சொல்லுங்க. நாளைக்கே போறேன்."

நியாயமான பேச்சுதான். இருந்தாலும் பெயின்டர் ஒரு மீனின் செவுளைப் பிளந்து பார்த்தார். ரத்தச் சிவப்பு. அப்பாடா என்று இருக்க வேண்டியவருக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. கத்தியை எடுத்துத் தன் மீனின் வால் நுனியை நறுக்கி அடையாளம் வைத்தார். பிறகு போய்த் தூண்டில் வீசினார்.

அரை மணி கழித்து வந்து பார்த்தால் ஐந்து. வால் நறுக்கியது ஒன்றே ஒன்று.

கொஞ்ச தூரத்தில் இரை நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் போனார். "இங்கதானே உட்கார்ந்திருக்க? வாளிப் பக்கம் யார் வந்தா?"

"கடற்கரைன்னா நாலு பேர் வருவாங்க, போவாங்க. மீன் குறையுதுன்னு அழறவனைப் பார்த்திருக்கேன். கூடுதுன்னு அழறவரை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

அப்போது மருமகள் தன் தூண்டிலை மணலில் நட்டுவிட்டு வந்தாள். அவள் பஸ் ஓட்டுகிறவள். நூறு தப்படி தள்ளித் தனியாக நின்று மீன் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஒரு விஷயம்..."

"உஷ்! பேசினா மீன் ஓடிடும்னு காலையிலயே சொன்னேனா இல்லையா?"

அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனாள்.

பெயின்டர் வாளியின்மேல் ஈரச் சாக்கைப் போட்டு, அதன்மேல் ஒரு கல்லை வைத்தார். அடுத்த முறை பார்க்கும்போது சாக்கும் கல்லும் வைத்த இடத்திலேயே ஒழுங்காக இருந்தன. உள்ளே ஏழு மீன்.

பக்கத்துக் குடையில் ஒரு குடும்பம். அதில் தொப்பி போட்ட ஆசாமி ஒருவர் காலையிலிருந்து இந்தப் பக்கமே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இப்போது எழுந்து கிட்டவே வந்துவிட்டார்.

"என்ன வேணும்?" என்றார் பெயின்டர்.

"ஒண்ணுமில்லீங்க, சும்மா மீனைப் பார்க்கலாம்னு..."

"பார்த்தாச்சுல்ல? போங்க."

அவர் போனார். சிரிப்பு மட்டும் போகவில்லை. காரணமில்லாமல் சிரிக்கிறவனைப் பெயின்டர் என்றைக்கும் நம்பியதில்லை. வாளியைக் காக்க ஒரே வழிதான் இருந்தது. சாக்கை மடித்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

வாளிமேல் உட்கார்ந்தால் தூண்டிலை யார் பார்ப்பது? மணலில் நட்ட குழாயில் செருகிவைத்த தூண்டில் கோலை ஒரு பெரிய அலை குழாயோடு பிடுங்கிக்கொண்டு போயிற்று.

"அப்பா, உங்க கோல் போகுது!"

"பார்த்துக்கிட்டு நிக்கறியே, பிடிடா!"

மகன் ஓடிய ஓட்டத்தில் அவன் தூண்டில் நரம்பு அவன் காலிலேயே சுற்றிக்கொண்டது. குப்புற விழுந்தான். அதற்குள் மருமகள் ஓடி வந்து பாய்ந்துவிட்டாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அலைக்குத் தோளைக் கொடுத்து நின்று, கோலை எட்டிப் பிடித்தாள்.

"இரை போயிடுச்சு மாமா. மாத்தி, ஒரு தரம் வீசித் தரேன்."

பெயின்டர் அன்றைக்குத்தான் அவளைச் சரியாகப் பார்த்தார்.

காலையிலிருந்து அவர் உள்ள பலத்தையெல்லாம் கூட்டி வீசிக்கொண்டிருந்தார். ஈயக்குண்டு அடிவானத்தில் விழுந்தால்தான் மீன் வரும் என்று அவர் நினைப்பு. அவள் வீசவே இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் அலை நுரைத்து உடைந்தது, அந்தப் பக்கமும் உடைந்தது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் உடையாமல் கறுப்பாக வழுக்கிக்கொண்டு வந்தது. அங்கேதான் மணலில் பள்ளம். நெரிசலான நாற்சந்தியில் பஸ்ஸைத் திருப்புகிறவள் மாதிரி, இரண்டு அலைகளைப் போகவிட்டு இடைவெளியில் குண்டை இறக்கினாள். இருபது தப்படி தூரம்கூட இருக்காது.

நரம்பின்மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கோல் நுனி தலையாட்டியது. அவள் அசையவில்லை. இன்னொரு தரம் ஆட்டியது. அப்போதும் இல்லை. மூன்றாவது ஆட்டத்தில் இரண்டடி பின்னால் நடந்தாள், அவ்வளவுதான். அலை முன்னால் வரும்போது நரம்பைச் சுற்றினாள், திரும்பும்போது விட்டுக்கொடுத்தாள். கடைசியில் அலையே ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்துவிட்டுப் போனது. முழங்கை நீளம்.

நாற்பது வருஷம் பிரஷ் பிடித்தவருக்கு வேலை தெரிந்த கையைப் பார்த்தால் தெரியாதா? வாளியில் மீன் போட்டது யார் என்று புரிந்துவிட்டது.

"எல்லாரும் இங்க வாங்க" என்று எழுந்தார். மனைவி வந்தாள். மகன் மணலைத் துப்பிக்கொண்டு வந்தான்.

"மீன் பிடிக்க ஆயிரம் பேர் இருக்கான். பிடிச்சதையெல்லாம் மாமனார் மானம் போகக் கூடாதுன்னு அவர் வாளியில போட்டுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?"

"மாமா, நான் உங்க வாளியில..."

"நீ பேசாதேம்மா. சம்பந்தி வந்ததும் வாசல்லயே சொல்லப்போறேன். எனக்குத் தூண்டில் போடத் தெரியல, இது உங்க பொண்ணு பிடிச்ச மீனுன்னு."

"நிஜமாவே இவர்தான் பேசறாரா?" என்று மனைவி மகனைக் கேட்டாள்.

பெயின்டர் வாளியை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். நாலு எட்டு வைத்திருக்க மாட்டார், தொப்பிக்காரர் குறுக்கே வந்து நின்று தொப்பியைக் கழற்றினார்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க, அது எங்க வாளி, பார்க்க உங்களுது மாதிரியே இருக்கும். உங்க வாளி எட்டு மணிக்கே நிரம்பிடுச்சுன்னு கார்ல ஏத்தி வச்சுட்டு, அதுக்கப்புறம் பிடிச்சதையெல்லாம் உங்க மருமகதான் எங்களுக்குப் போட்டுக்கிட்டிருக்காங்க."