துரை கோபத்துக்குச் செவ்வரளி

கிளியூருக்கு மேலே ஒரு காப்பித் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அங்கே முனியப்பன் கோயில் முன்னால் நிற்க இடம் கிடையாது. கரடியூரிலிருந்துகூட வேடிக்கை பார்க்க ஆள் வரும். பக்தியா? அதெல்லாம் இல்லை. வெள்ளைக்காரத் துரைக்கு இன்றைக்குக் கோபமா, குளிர்ச்சியா என்று முனியப்பன் சொல்வார்! சீமையில் பிறந்த துரையின் கோபதாபம் நம் முனியப்பனுக்கு அத்துப்படியாம்.

பூசாரி மாதையன் தட்டு நிறைய இலைப் பொட்டலங்களைக் கொண்டுவந்து வைப்பார். பாதியில் வெள்ளரளி, பாதியில் செவ்வரளி என்பது அவர் வாக்கு. ஒன்றைப் பிரிப்பார். வெள்ளை வந்தால் துரை சாந்தம், போய்க் கேட்கலாம். சிவப்பு வந்தால் கோபம், உத்தரவு கிடையாது; வாயைப் பொத்திக்கொண்டு பழம் பறிக்கலாம். போன மழைக்காலம் முதல் வந்ததெல்லாம் சிவப்பு. பூசாரிக்கு மட்டும் வாராவாரம் சேவல்.

கேட்க வேண்டியது ஒன்றுதான். ஆட்கள் குடியிருந்த லைன் வீடுகளின் கூரை ஒழுகியது. வேலம்மாளின் கைக்குழந்தை ஈரத்தில் கிடந்து, இருமி இருமிப் பால்கூடக் குடிக்கவில்லை. தனியாகப் போய்க் கேட்டால் வேலை போய்விடும். எல்லோரும் சேர்ந்து போக வேண்டும்.

"நாளைக்கே போலாமுங்க. நான் முன்னால வர்றேன்" என்றான் நல்லமுத்து. "சாமி உத்தரவு மட்டும் கெடச்சாப் போதும்."

ஆளுக்கு ஆள் இதே வீரம்தான். ஒருவன் பயந்தால் அதற்குப் பெயர் பயம். ஊரே பயந்தால் அதற்குப் பெயர் உத்தரவு!

பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். சிவப்பு.

தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரி செல்லப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமியே சொல்லியாச்சு. எல்லாரும் ஊட்டுக்குப் போங்க."

குழந்தையை இடுக்கிக்கொண்டு நின்ற வேலம்மாள் நகரவில்லை.

"ஏனுங்க பூசாரி, துரைகிட்டப் போகாம இருந்துக்கலாமான்னும் ஒரு வார்த்தை கேட்டுப்போடுங்க."

"அதென்ன புள்ள கேள்வி?"

"ஏன், சாமிக்குப் பதில் தெரியாதுங்களா?"

"கேளுங்க, கேளுங்க" என்றது கூட்டம். பூசாரி தட்டை நகர்த்துவதற்குள் அவளே ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு.

"போகவுங் கூடாது, போகாம இருக்கவுங் கூடாதுங்களா? அப்ப நாங்க நொம்ப நாளைக்குப் பாதி வழியிலயே நிக்கறதுங்களா?"

கூட்டம் குபீரென்று சிரித்தது. பூசாரி தட்டோடு கிளம்பப் பார்த்தார். நல்லமுத்து பிடுங்கிக் கொட்டினான். பொட்டலங்களை எல்லாம் பிரித்துப் பார்த்தார்கள். அத்தனையும் செவ்வரளி!

அப்படியே பங்களாவுக்குப் போனார்கள். துரை கோபமாகத்தான் இருந்தார். கூரை என்று கேட்டதும் இன்னும் சிவந்தார்.

"தகரம் போன வருசமே குடுத்தாச்சு! மேஸ்திரிகிட்டே குடுத்தாச்சு! எங்கே அது?"

மேஸ்திரி வீட்டு மாட்டுத் தொழுவத்தின் மேலே, பளபளவென்று இருந்தது. மாடுகள் ஒரு மழையிலும் நனையவில்லை. பூசாரிக்கும் அந்த வீட்டில்தான் ராத்திரிச் சாப்பாடு என்பது அப்புறம் தெரிந்தது.

துரை ஒன்றும் தர்மவான் இல்லை. ஆள் காய்ச்சலில் படுத்தால் பழம் செடியிலேயே அழுகும் என்ற கணக்கு அவருக்கு. எப்படியோ, அன்று சாயங்காலமே தகரம் லைனுக்கு வந்தது. வேலம்மாளின் குழந்தை நனையாமல் தூங்கியது.

துரை கோபத்தைப் பார்க்கத் துரை முகம் போதும். அதற்கு ஏனய்யா அரளிப் பூ? கல்லுக்குக் கண் திறந்து வைக்கத் தெரிந்த மக்களே, உங்கள் கண்ணைத் திறக்க எந்தப் பூசாரிக்குச் சேவல் கொடுக்கப்போகிறீர்கள்?