பதினைந்து நாள் ஓய்வெடுத்த ஒயின்

சனூர், பாலித் தீவு
வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பாஸ்தியன் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் அன்செல்ம் எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்களும், என் தங்கை குளோத்தில்தும், பிள்ளைகளும், எனக்கு வந்திருக்க வேண்டியதும் உங்களுக்குப் போய்ச் சேர்ந்ததுமான அந்தப் பதினொரு ஏக்கர் திராட்சைத் தோட்டமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பர்கண்டியில் இந்நேரம் குளிர் தொடங்கியிருக்கும். கம்பளி போட்டுக்கொண்டு, என் அப்பாவின் நிலவறையில், என் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படிப்பீர்கள். சௌகரியமாக உட்காருங்கள்.

இதை நான் கோபத்தில் எழுதவில்லை. கோபத்தில் எழுதியதை நேற்றே கிழித்துப் போட்டுவிட்டேன். இது நிதானமாக எழுதுவது. ஆகவே இதில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் நான் மனமாரச் சொல்வதாகவே நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தத் தீவில் ஒரு மனிதனுக்கு எல்லாம் கிடைக்கும், நல்ல ஒயினைத் தவிர. வந்த புதிதில் சூப்பர் மார்க்கெட்டில் தேடினேன். அங்கே ஒயின், ஷாம்பூவுக்கும் கொசுவத்திச் சுருளுக்கும் நடுவில், குழல்விளக்குக்குக் கீழே, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட மாணவனைப் போல நின்றுகொண்டிருக்கும். இதைப் படுக்க வைக்க வேண்டும் என்று அங்கிருந்த பெண்ணிடம் சொன்னேன். “ஏன் சார், அதுக்கு ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள். பிறகு வரி. பிரான்சில் கொத்தனார் குடிக்கிற ஒயின் இங்கே கப்பலை விட்டு இறங்கும்போது மந்திரி குடிக்கிற விலையில் இறங்குகிறது. சரி, உள்ளூர்ச் சரக்கையும் பார்ப்போம் என்று வடக்குக் கரைத் திராட்சையில் செய்த இளஞ்சிவப்பு ஒயினை வாங்கினேன். ஐஸ் போட்டுக் குடியுங்கள் என்று கடைக்காரரே அறிவுரை சொன்னார். ஒயினில் ஐஸ் போடச் சொல்லும் ஊரில் நான் ஐந்து வருஷமாக இருக்கிறேன் என்பதைத் தயவுசெய்து அப்பாவின் கல்லறைப் பக்கம் நின்று சத்தமாகப் படித்துவிடாதீர்கள். விமான நிலையத்தில் ஆளுக்கு ஒரு லிட்டர்தான் அனுமதி என்பதால், பிரான்சிலிருந்து யார் வந்தாலும் ஒரு பாட்டில் கொண்டுவரச் சொல்லிக் கெஞ்சினேன், முப்பது வருஷம் லத்தீன் கற்பித்த நான். ஒரு பல் டாக்டர் ஒப்புக்கொண்டார். சிங்கப்பூரில் விமானம் ஆறு மணி நேரம் தாமதமாம். எனக்கு வந்து சேர்ந்தது தக்கை மட்டும்தான். “ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றும் சொன்னார்.

எப்படியோ வாங்கிய பாட்டில் எதுவாக இருந்தாலும் அப்பாவின் விதியை நான் மீறியதே இல்லை. பயணம் செய்த ஒயின் பதினைந்து நாள் ஓய்வெடுக்க வேண்டும், அந்தப் பதினைந்து நாளும் அதைத் தொடவோ பார்க்கவோ கூடாது. நீங்கள் இதை மூடநம்பிக்கை என்று சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. என் வீட்டு உரிமையாளர் ரஸ்மினி அம்மாள் சிரிப்பதில்லை. அவருடைய வளாகத்தின் பின்கட்டில்தான் நான் குடியிருக்கிறேன், சமையலும் அவர்தான். பாட்டிலை அவர் கையில் கொடுத்து, “பதினஞ்சு நாள் இது ஓய்வெடுக்கணும், என் கண்ணுலயே படக் கூடாது” என்பேன். “சரிங்க ஐயா, நான் பாத்துக்கறேன்” என்பார். பதினாறாம் நாள் பாட்டில் மேசைக்குத் தானாக வந்துவிடும். இவ்வளவு ஒழுக்கமாக ஓய்வெடுத்த ஒயின் இந்தத் தீவில் வேறெங்கும் கிடையாது. ஆனால் திறந்தால்? வேகவைத்த பிளம்ஸ் பழமும் காடியும். ஐந்து வருஷமாக, ஒவ்வொரு பாட்டிலும்.

இப்போது வெய்க்கோவுக்கு வருகிறேன். மூன்று வீடு தள்ளி இருக்கிற பின்லாந்துக்காரன். அந்த நாட்டில் திராட்சை என்பது கொடியில் வராது, கப்பலில் வரும். நாற்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவன். சிவப்பா வெள்ளையா என்பதற்கு மேல் ஒயினைப் பற்றி அவனுக்கு ஒரு கேள்வி கிடையாது. வாங்கின பாட்டிலைக் கட்டிலுக்கு அடியில் செருப்புகளோடு உருட்டிவிடுகிறான். ஏசி ஓடிக்கொண்டே இருக்கிறது. அவன் வீட்டில் சமைக்கிற ஹனிஃபா, ஜாவாவின் பன்யுவாங்கி ஊர்க்காரர், ஐந்து வேளை தொழுகிறவர். அந்தப் பாட்டில்கள் இருக்கிற பக்கம் துடைப்பத்தைக்கூட நீட்டமாட்டார். ஆக அந்த வீட்டில் ஒயினுக்கு ஒரு மரியாதையும் இல்லை, கவனிப்பும் இல்லை. அதை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் ஊற்றி, “குடி வாத்தியாரே” என்று நீட்டுகிறான். அந்த டம்ளரில் இருப்பது, மாப்பிள்ளை, சொல்லவே வாய் கூசுகிறது, அமுதம். மழை பெய்து முடிந்த தோட்டத்தின் வாசனை. நான் ஒரு வாய் குடித்துவிட்டு, “பரவாயில்ல” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு முறை அல்ல.

இவனுக்கு எங்கிருந்து கிடைக்கிறது? கண்டுபிடித்தே தீர்வது என்று ஒரு நாள் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அவன் ஸ்கூட்டருக்குப் பின்னால் போனேன். துறைமுகத்துக்குப் போவான், தூதரகத்துக்குப் போவான் என்றெல்லாம் நினைத்தேன். பேன்ட் தைக்கக் கொடுத்த இடத்துக்குப் போனான், பப்பாளி வாங்கினான், டயருக்குக் காற்றடித்தான், கடைசியில் கெரோபோக்கானில் நான் வழக்கமாக வாங்குகிற அதே கடையில் போய் நின்றான். நான் வாங்குகிற அதே லேபிளை வாங்கினான். அவன் போனதும் உள்ளே நுழைந்து கடைக்காரர் தர்மவானைப் பிடித்துக்கொண்டேன்.

“உண்மையச் சொல்லுங்க. அந்த ஆளுக்கு மட்டும் உள்ளேருந்து எடுத்துக் குடுக்கறீங்க.”

“உள்ளயா? உள்ள எங்க மாமியாருதான் சார் இருக்காங்க. வேணும்னா கூட்டிட்டுப் போங்க. இதே பெட்டிதான் சார், அவரு மேல இருந்தத எடுத்தாரு, நீங்க அதுக்குக் கீழ இருக்கறத எடுங்க.”

எடுத்தேன். ஒரே பெட்டி, ஒட்டிப் பிறந்த இரண்டு பாட்டில்கள். அவனுடையதை அன்று மாலையே அவன் வீட்டில் குடித்தேன்: மழை, தோட்டம், எல்லாம் இருந்தன. என்னுடையதைப் பதினைந்து நாள் ஓய்வு கொடுத்துத் திறந்தேன்: பிளம்ஸ், காடி. ஒரு மனிதனை ஒயின் கூடவா ஆள் பார்த்து மதிக்கும்?

இந்த நிலையில்தான் மதாம் வியோலெத்தின் அறுபதாவது பிறந்தநாள் வந்தது. அவரைப் பற்றிக் குளோத்தில்துக்கு எழுதியிருக்கிறேன், அவள் உங்களிடம் சொல்லாமலா இருப்பாள். சனூரில் பிரெஞ்சுப் புத்தகங்களை இரவல் கொடுக்கிற சிறிய நூலகம் நடத்துகிறார், கணவர் இறந்து எட்டு வருஷமாகிறது, இலக்கணப் பிழை இல்லாமல் பேசுகிறார். அவருடைய வீட்டுக் குத்தகை இந்த வருஷக் கடைசியில் முடிகிறது. என் பின்கட்டில் தோட்டம் பார்த்த அறை ஒன்று காலியாக இருக்கிறது. இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை. மதிய விருந்துக்கு என்னையும் வெய்க்கோவையும் ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவரச் சொன்னார். “நல்ல ஒயின் கொண்டு வர்றவருக்கு என் பக்கத்து நாற்காலி” என்று விளையாட்டாகச் சொன்னார். நான் எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அறையைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அதனால்தான், வெட்கத்தை விட்டு, உங்களிடம் கேட்டேன். நீங்களும் அனுப்பினீர்கள். யோகா கற்க வந்த ஆறு பெண்கள் ஆளுக்கு ஒன்றாக ஆறு பாட்டில் கொண்டுவந்தார்கள். ரஸ்மினியிடம் கொடுக்கும்போது, “இது எங்கப்பா நெலத்துல வெளஞ்சது” என்று சொன்னேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

விருந்தில் பன்னிரண்டு பேர். நான் எழுந்து நின்று, அப்பா அந்தக் கொடிகளை நட்ட கதையைச் சொல்லிவிட்டு, ஊற்றினேன். வியோலெத் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். மூடிய கண்ணைத் திறக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அன்செல்ம், கோவிச்சுக்காதீங்க. இத வெள்ளரிக்காய்ல ஊத்திப் பாக்கட்டுமா?”

ஊற்றினார். பன்னிரண்டு பேரும் சாப்பிட்டார்கள். வெள்ளரிக்காய் பிரமாதம் என்றார்கள். அந்த லிஃப்ட்காரன் இரண்டாம் முறை போட்டுக்கொண்டு, வஞ்சகமே இல்லாத முகத்தோடு, “வாத்தியாரே, இந்தக் காடி எங்க கெடைக்குது? நானும் ஒண்ணு வாங்கி வெக்கணும்” என்று கேட்டான். சொன்னானே, வியோலெத்தின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னான்! அதற்கு முன்பே, அவன் பாட்டிலைத் திறந்தபோது, மேசையே பேச்சை நிறுத்தியிருந்தது. நேற்று நூலகத்துக்குப் போனால், அவன் வீட்டு மாடி அறைக்கு வெளிச்சம் போதுமா என்று வியோலெத் என்னிடமே ஆலோசனை கேட்கிறார். போதாது என்று சொல்லியிருக்கிறேன்.

மீதி ஐந்தையும் வீட்டில் திறந்து பார்த்தேன். அத்தனையும் அப்படியே. ஆகவே கேட்கிறேன், மாப்பிள்ளை. தக்கை அரை விரல் மேலே எழும்பியிருந்தது, அதில்கூடவா மலிவு பார்ப்பீர்கள்? லேபிளில் அப்பாவின் பெயர் வெளுத்துப் பாதி அழிந்திருந்தது. தோட்டம் கைக்கு வந்த இந்தப் பத்து வருஷத்தில் அந்தப் பெயரை அழிக்க உங்களுக்கு வேறு வழி கிடைக்கவில்லையா? பாட்டில் கழுத்தில் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. உங்கள் நிலவறையில் யார் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறார்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. என்னைத் தலைகுனிய வைக்க வேண்டும் என்றே நீங்கள் கழிவுச் சரக்கை அனுப்பினீர்கள் என்பது என் முடிவு. “உனக்குப் புத்தகம் இருக்கு, அவனுக்குக் கை இருக்கு” என்று சொல்லித்தான் அப்பா தோட்டத்தை உங்களுக்கு எழுதினார். அந்தக் கை எதைச் செய்திருக்கிறது என்று அவர் பார்க்காமல் போய்ச் சேர்ந்ததில் எனக்கு ஆறுதல். பாகப்பிரிவினையைத் திரும்பத் திறக்க முடியுமா என்று வக்கீலுக்கு எழுதப் போகிறேன். இனி நமக்குள் போக்குவரத்து வேண்டாம்.

குளோத்தில்துக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள், மூத்தவனை லத்தீன் விடாமல் படிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு நீண்ட ஆயுளும், செய்ததை நினைத்துப் பார்க்கப் போதுமான ஓய்வும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
மனம் உடைந்த மைத்துனன்
அன்செல்ம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை கேட்கலாம் என்று ரஸ்மினியைத் தேடிப் போனேன். வளாகத்தின் மூலையில் அவர்களுடைய குடும்பக் கோயில் இருக்கிறது. இடுப்பில் கச்சை கட்டாமல் உள்ளே நுழையக் கூடாது, எனக்குக் கச்சை கட்டச் சோம்பல், அதனால் ஐந்து வருஷத்தில் ஒரு முறைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இன்று வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை நான் வாங்கிக் கொடுத்த பாட்டில், சாமி மேடையில், பூவுக்கும் சோற்றுக்கும் நடுவில், உச்சி வெயிலில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது.

“அது அங்க என்ன பண்ணுது?” என்றேன்.

“ஓய்வெடுக்குதுங்க ஐயா. கண்ணுல படக் கூடாதுன்னு சொன்னீங்களே. இங்கதான நீங்க வரவே மாட்டீங்க.”

“வெயில்லயா?”

“சாமி மேடைக்கு நெழல் ஏதுங்க? கடல் தாண்டி வந்த பொருளு, மொதல்ல அவங்க சாரத்த எடுத்துக்கணும். மிச்சந்தான் நமக்கு. சோறு, பழம், எல்லாமே அப்படித்தான?”

“எல்லாப் பாட்டிலையுமா இப்படி வெச்சீங்க?”

“சாதா பாட்டில்னா மூணு நாளு. வெல ஒசந்ததுன்னா ஒரு வாரம்.”

“அந்த ஆறு பாட்டில்?”

அவர் முகம் மலர்ந்தது. “அது உங்கப்பாவோடதாச்சே! கலுங்கான் பண்டிகை அன்னிக்கு முன்னோருங்க எல்லாம் எறங்கி வந்து பத்து நாளு வீட்டுல இருப்பாங்க. எங்க ஆளுங்க அத்தன பேருக்கு நடுவுல உங்கப்பா பாவம், அவருக்கு இங்க யாரத் தெரியும்? அதான் அந்தப் பத்து நாளும் ஆறையும் அவரு முன்னாடியே வெச்சிருந்தேன். நல்லா இருந்துச்சா ஐயா?”

நன்றாக இருந்தது என்று சொன்னேன். வேறென்ன சொல்ல முடியும்?

ஆகவே, மாப்பிள்ளை, தக்கையைப் பற்றி எழுதியதை அடித்துவிடுங்கள். லேபிளையும், சோற்றுப் பருக்கையையும், வக்கீலையும் அடித்துவிடுங்கள். புதிதாக எழுத நேரமில்லை, தபால்காரர் வாசலில் நிற்கிறார். உங்கள் ஒயினைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை, ஏனென்றால் அதை நான் இன்னும் குடிக்கவே இல்லை. அப்பா சாரத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறார். உயிரோடு இருந்தபோதும் அதைத்தான் செய்தார். வந்தது அவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னும் ஆறு பாட்டில் அனுப்புங்கள். ஐந்தை வெய்க்கோவின் முகவரிக்கு அனுப்புங்கள், ஹனிஃபா தொடமாட்டார். கட்டிலுக்கு அடியில் இடம் கேட்க நானே அவன் வீட்டுக்குப் போக வேண்டும், வியோலெத் கதவைத் திறந்தாலும் சிரித்துக்கொண்டே கேட்க வேண்டும். கேட்கிறேன். மாடி அறைக்கு வெளிச்சம் போதும் என்று அப்போதே சொல்லிவிடுவேனோ என்னவோ, அதை இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆறாவது என் முகவரிக்கே வரட்டும். ஏழு மாதத்தில் அடுத்த கலுங்கான். அதற்குள் கச்சை கட்டப் பழகிவிடுவேன். பத்து நாள் அவர் எதிரில் உட்காரப் போகிறேன். அந்தத் தோட்டத்தைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.