இல்லாத வாலுக்கு வைத்தியம்

ஒரு காட்டில் ஓர் அரணைக்கு வால் வலித்தது. அந்த வால் இல்லை, வலி இருந்தது. அந்த அரணை நான்தான். வேறு யாரோ என்று சொல்லி நகர்த்தலாம், ஆனால் அடுத்த பத்தியிலேயே மாட்டிக்கொள்வேன்.

ஆறு மாதம் முன்பு என் வாலைப் பருந்து பிடித்தது, நான் அதைக் கழற்றிவிட்டுத் தப்பினேன் என்று காடே பேசியது. புது வால் கட்டையாக முளைத்தது. அது வலிக்கவில்லை, போனதுதான் வலித்தது. எங்கள் இனத்துக்கு மறதி அதிகம் என்பார்கள். படித்ததை எல்லாம் மறந்து பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். இந்த வலியை மட்டும் மறக்க முடியவில்லை.

அக்கா செவ்வந்திதான் வேளாவேளைக்குக் கரையான் பிடித்துவந்து கொடுத்தாள். அவளுக்கு இப்போது முட்டையிடும் நேரம். இந்த முறை பாறை இடுக்கு வேண்டாம், வெயில் படும் மேட்டில் இடுகிறேன், காவலுக்குத் தம்பி இருக்கிறான், பருந்தையே சமாளித்தவன் என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து வலி இரண்டு மடங்கானது. அவளே என்னை வைத்தியத்துக்கு அனுப்பினாள்.

வரிசையில் எனக்கு முன்னால் முள்ளம்பன்றி, மூட்டு வலி. முள்ளை நினைத்துத் தாராளமாக இடம் விட்டு நின்றேன். வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று படிவம் கேட்டது. முள்ளம்பன்றி ஏழு போட்டதைப் பார்த்து நான் எட்டு போட்டேன். படிவம் வாங்கிய குரங்கு என் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தது. இல்லாத உறுப்புக்குக் கட்டம் இல்லை என்று முனகிவிட்டு, 'இதர' என்ற இடத்தில் என்னைப் போட்டது.

டாக்டரம்மா ஓர் எருமை. முதுகுப் புண்ணைக் காக்கை கொத்திக்கொண்டிருந்தது.

"ஒன்பது வருஷமா இருக்கு," என்றார். "கொத்துது. தெரியுது. அவ்வளவுதான்."

பள்ளிக்கூடத்தில் என்னை எருமை என்று திட்டியபோது, அது ஒரு சிகிச்சை முறை என்று யாரும் சொல்லவில்லை.

கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும், வலியை விரட்டாமல் அது எங்கே எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். முதல் வாரம், பக்கத்தில் ஓர் எறும்பு போனது. எறும்பைக் கவனித்தேன், தின்றேன். மூன்றாவது வாரம் உண்மையிலேயே ஏதோ நடந்தது. வலி போகவில்லை, ஆனால் அதோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுவது குறைந்தது.

"வலி தனி," என்றார் டாக்டரம்மா. "அதைப் பத்தி நீ உனக்கே சொல்லிக்கிற கதை தனி. அந்தக் கதையைச் சொல்லு."

பருந்து என்று ஆரம்பித்தேன். டாக்டரம்மா அசை போட்டபடி என்னையே பார்த்தார். அப்படிப் பார்த்தால் பொய் வராது.

"பருந்து இல்ல, டாக்டரம்மா. தேக்கு இலை. காஞ்சது. முதுகுல விழுந்துச்சு, வாலைப் போட்டுட்டு ஓடிட்டேன்."

பக்கத்தில் கண்ணை மூடி மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்த முள்ளம்பன்றி சிரித்ததில் இரண்டு முள் உதிர்ந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"இலைக்குப் போன வாலும் வலிக்கத்தான் செய்யும். ஆனா முதல்ல அக்காகிட்ட இலைன்னு சொல்லு. அப்புறம் காவலுக்குப் போ."

தலையாட்டிவிட்டு வந்தேன். அக்கா வயிறு தள்ள மேட்டில் குழி பறித்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். மூச்சைப் பார்க்கச் சொன்னார்கள் என்றேன்.

"வேற ஒண்ணும் சொல்லலையாடா?"

"இல்லக்கா."

"அப்ப இங்கயே போட்டுடட்டுமா?"

வானத்தைப் பார்த்தேன். மூச்சைப் பார்த்தேன்.

"போடுக்கா," என்றேன்.

நான்கு முட்டை. முதலில் அக்காவிடம் சொல், அப்புறம் காவலுக்குப் போ என்றார் டாக்டரம்மா. நான் நேராகக் காவலுக்குப் போனேன்.

நீதி: வலியை உள்ளபடியே ஏற்றுக்கொள்ளுங்கள். அது வந்த காரணத்துக்கு மட்டும் இரண்டு இறக்கை வைத்துக்கொள்ளுங்கள்.