உபகாரசாமியின் தொடைச்சதை

மாதா சப்பரத்தின் முன்கம்பு உபகாரசாமியின் தோளுக்குத்தான். முப்பத்தெட்டு வருஷமாக அப்படி. மோகனூர்ப் பக்கத்து அந்தப் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கம்புக்கு உரிய வீட்டில் ஒருத்தர் தோள் கொடுக்காவிட்டால், இடம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். பக்கத்து வீட்டு ஆரோன் வருஷா வருஷம் தோளைத் தடவிக்கொண்டு காத்திருந்தார்.

திருவிழாவுக்கு மூன்று மாசம்தான் இருந்தது. இந்த நேரம் பார்த்தா சிமெண்டு மூட்டையைத் தூக்குவது? தொடைச்சதை கிழிந்தது. உபகாரசாமிக்கு வயசு அறுபத்துநாலு.

"கிழிஞ்ச சதையைச் சரிபண்ண உள்ளுக்குள்ளயே செல்லு இருக்குதுங்க," என்றார் டாக்டர். "வயசானா அது லேசுல எந்திரிக்காது. நாமதான் எழுப்பணும். தினம் நாற்காலியில உக்காந்து எந்திரிங்க. கொஞ்சங் கொஞ்சமா எடை தூக்குங்க. முட்டை சாப்பிடுங்க. மூணு மாசம் ஆகும்."

மனைவி ரோசிக்குத் தெரிந்தால் சப்பரத்துக்கே தடை விழும். மனுஷன் யோசித்தார். ஆகா, என்ன மூளை! டாக்டர் எழுதித் தந்த சீட்டை அவளிடமே நீட்டினார்.

"உன்ர முட்டிவலிக்கு டாக்டர் எழுதிக் குடுத்தாரு, சாமி."

"என்னையப் பாக்காமயேவுங்களா?"

"கெட்டிக்கார டாக்டரு."

"சரிங்க," என்றாள் ரோசி.

அவளுக்குத் துணைக்குச் செய்வதுபோல் தன் சதையைத் தேற்றிக்கொள்வது அவர் திட்டம். இரண்டு நாள் செய்தார். மூன்றாம் நாள் முதல் கட்டிலில் சாய்ந்து, அவித்த முட்டையைத் தின்றுகொண்டே எண்ணிக்கை மட்டும் சொன்னார். ரோசியோ இரண்டு கிலோ அரிசிப்பையில் தொடங்கி பதினைந்து கிலோவுக்கு வந்துவிட்டாள். அறுபது வயசில்! அடேயப்பா, பார்த்துப் பார்த்து அவருக்கே பெருமை தாங்கவில்லை.

திருவிழா வந்தது. "மரியே வாழ்க!" என்று எல்லாத் தோள்களும் எழும்பின. அவருடையது எழும்பவில்லை. தொடை பிடித்துக்கொண்டது. ஆரோன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

அதற்குள் ஒரு கை உபகாரசாமியை ஒதுக்கியது. ரோசி! முந்தானையை இழுத்துச் செருகி, கம்புக்குத் தோள் கொடுத்து நிமிர்ந்தே விட்டாள். சப்பரம் துளி சாயவில்லை.

"ஏனுங்கக்கா, பொம்பளை தூக்கறதுங்களா?" என்றார் ஆரோன்.

"ஊட்டுல ஒருத்தர் தூக்கோணும், அவ்வளவுதானுங்களே வழக்கம்? நானும் அந்த ஊடுதானுங்க."

பிறகு கணவரிடம் மெதுவாகச் சொன்னாள்: "சீட்டுல ஆம்பளை, அறுபத்துநாலுன்னு போட்டிருந்துச்சுங்க. நீங்க செய்ய மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? நம்ம எடம் போயிரக் கூடாதேன்னு நான் செஞ்சேன்."

உபகாரசாமிக்குக் கண் கலங்கியது. இவளல்லவா மனுஷி!

"அப்ப நான் என்ன பண்ணட்டும், சாமி?" என்று கேட்டார்.

"வெறுங்காலோட தூக்கோணுமில்லீங்க? என்ர செருப்பை எடுத்துட்டு வாங்க."

நாலு தெரு சுற்றி முடிவதற்குள் அவர் அந்தச் செருப்பை மூன்று தடவை கை மாற்றிக்கொண்டார்.