தாஸிம் முதலாளியின் பலகை

பலகை முதலாளி என்றொரு பிறவி உண்டு. மிருகங்களைப் பற்றிய புத்தகங்களில் தேடாதீர்கள், அகப்படாது. கண்டித் தெருக்களில் கால்மணி நேரம் நடந்தால் மூன்று பேராவது தட்டுப்படுவார்கள். அடையாளம் சுலபம்: கடை ஆறடி அகலம், பெயர்ப்பலகை பக்கத்துக் கடையின் ஜன்னலையும் சேர்த்து மறைத்திருக்கும்.

என்ன விற்கிறீர்கள் என்று அவரைக் கேட்டுப் பாருங்களேன். "என்ன இல்லையெண்டு கேளுங்கோ!" என்பார். கேட்டால், "எல்லாம் ஈக்கி" என்பார், அதாவது எல்லாம் இருக்கிறதாம். ஒன்றை எடுத்துக் காட்டச் சொன்னால் மட்டும், "அடுத்த கோச்சியில வருகுது" என்று புகையிரத நிலையம் இருக்கும் திசையைக் காட்டுவார்.

கண்டியில் திருகோணமலை வீதியில் 'தாஸிம் அன் கோ' வைத்திருந்த தாஸிம் முதலாளி இந்த இனத்தின் மாணிக்கம். 'கோ' யார் என்று எவருக்கும் தெரியாது. வாசனைச் சவுக்காரம், கிராமபோன் ஊசி, சுவர் மணிக்கூடு, பவுண்டன் பேனா, துரைமார் தொப்பி, துருக்கித் தொப்பி, பல்பொடி, பன்னீர், இன்னும் தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் என்னென்னவோ அந்தப் பலகையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. உள்ளே? சவுக்காரம் மூன்று கட்டி இருந்தது.

உண்மையில் அவரிடம் இருந்தது கம்பளி. அசல் கறுப்புக் கம்பளி! மலையில் மழை பிடித்துக்கொண்டால் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களின் தலைக்கும் முதுகுக்கும் அதைவிட்டால் வேறு காவல் ஏது? அவர் கம்பளிக்கு நிகரான கம்பளி கண்டியில் கிடையாது. ஆனால் முதலாளிக்கு அதைச் சொல்ல வெட்கம். அது தோட்டத்து ஆட்களின் சாமானாம். ஆட்டு வாடை அடித்தால் துரைமார் கடைக்குள் வரமாட்டார்களாம். ஆகவே கம்பளிக்கட்டுகள் அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்து கிடந்தன. பன்னிரண்டு வருஷத்தில் ஒரே ஒரு துரை வந்தார். மழைக்கு ஒதுங்கி நின்றுவிட்டுப் போனார். அவருக்குக்கூட முதலாளி கம்பளியைக் காட்டவில்லை!

"இந்த மழைக்கும் கம்பளி போகாட்டி, கடையப் பூட்டிட்டு எங்கட உம்மா ஊட்டுக்குப் போறதுதான்" என்று மனைவி சித்தி றலியா முடிவாகச் சொல்லிவிட்டார். முதலாளி மிரண்டுபோனார். மிரண்ட பலகை முதலாளி என்ன செய்வார்? பலகையைக் கழற்றி, 'அன் சன்ஸ்' என்று சேர்த்து எழுதக் கொடுத்தார். அவருக்கு மூன்றும் பெண்பிள்ளைகள்.

பலகை போன மறுநாள் நல்ல வெயில். உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து றலியாவின் குரல் வந்தது: "கம்பளியெல்லாம் பூச்சி அரிக்கப் போகுது. வாசல்ல தொங்கப்போட்டுக் காயவைங்கோ."

முதலாளி தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று கூசிக்கூசி, கம்பளிகளை வாசல் முழுக்கத் தொங்கவிட்டார். பத்து மணிக்கு ஹந்தானைத் தோட்டத்துப் பெரிய கங்காணி அழகமுத்து அந்த வழியே வந்தார். நின்றார்.

"அடடே, இது கம்பளிக் கடையா? அஞ்சு வருசமா இந்த வழியாத்தான் போறேன், தெரியலையே!"

கங்காணிமார் கம்பளி வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு பேர் நான்கு மூலையையும் பிடிக்க, நடுவில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, ஒரு வெற்றிலை போட்டு முடியும்வரை பார்ப்பார்கள். அழகமுத்து வெற்றிலையை மென்றார். ஒரு சொட்டுகூடக் கீழே இறங்கவில்லை. அப்போதும் முதலாளியின் வாய் சும்மா இருந்ததா?

"சவுக்காரமும் ஈக்கி, கிராமபோன்..."

திரைக்குப் பின்னால் ஓர் இருமல் கேட்டது. முதலாளி கிராமபோனை விழுங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, பன்னிரண்டு வருஷத்தில் முதன்முறையாக, நிமிர்ந்து நின்று சொன்னார்: "இது கம்பளிக் கடை. தண்ணி இறங்காது. வேற ஒண்டும் கேக்காதீங்கோ."

"வேற என்னத்துக்குங்க? எங்க ஆளுங்களுக்கு நூத்தி இருபது கம்பளி கட்டிக் குடுங்க."

பிறகு பலகையைச் சுரண்டி, 'தாஸிம் கம்பளிக் கடை' என்று மட்டும் எழுதினார்கள். எனக்கு மெய்யாகவே சந்தோஷம். கடை பிழைத்தது, றலியாவும் உம்மா வீட்டுக்குப் போகவில்லை. ஆனால் மூன்றே சொல்லென்றால் பலகையில் எவ்வளவு இடம் மிச்சம்! பெரஹரா ஊர்வலம் பார்க்கக் கூட்டம் வருவதற்குள் கீழே பொடி எழுத்தில், 'குடையும் உண்டு' என்று முளைத்திருந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும் மேசை இழுப்பறையைத் திறந்து, நீங்கள் பெருமையாக அச்சடித்து வைத்திருக்கும் கடிதத்தாளில் ஒன்றை எடுங்கள். உங்கள் பெயருக்குக் கீழே பட்டமும் பதவியுமாக எத்தனை வரி இருக்கிறதென்று எண்ணுங்கள். கடிதம் எழுத இடம் இருக்கிறதா?