கடைசித் தட்டுக்காரர்

கடைசித் தட்டுக்காரரைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு வேலை தொடங்குகிற இடத்துக்குப் போகாதீர்கள். அங்கே அவர் இருக்கமாட்டார். சேற்றில் புதைந்த பஸ்ஸை ஊரே கூடி மூச்சு முட்டத் தள்ளி, அது ஒருவழியாகக் குலுங்கி மேலே ஏறுகிற அந்த வேளையில், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து பஸ்ஸின் முதுகைத் தொடும் பாருங்கள், அந்தக் கைக்குச் சொந்தக்காரர்தான் அவர். பஸ் ஏறிவிடும். அவர் கைகளைத் தட்டித் துடைத்துக்கொண்டு, இவ்வளவு நேரமும் எல்லாரும் சேர்ந்து என்னதான் செய்துகொண்டிருந்தீர்கள் என்று விசாரிப்பார். பதில் சொல்லத் தெம்பு யாருக்கு இருக்கிறது?

இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இந்தப் பதவியை வகித்து வருபவர் அழகையா. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாக நாலு பேர் நடையாய் நடந்து பேசி முடித்த சம்பந்தத்தில், தட்டு மாற்றுகிற அன்றைக்கு வந்து வெற்றிலையை எடுத்து நீட்டியவர் அவர்; அந்தக் கல்யாணம் இன்றுவரை "நான் முடிச்சு வச்ச கல்யாணம்". பக்கத்து லயத்து வரிசைவீட்டுச் சுரேஸின் மனைவி பிரசவ வலியில் ஒரு பகலும் இரவும் துடித்தபோது ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று ஒரு தரம் செருமினார். பிள்ளை பிறந்துவிட்டது. அதிலும் அவருக்குப் பங்கு உண்டு என்கிறார், எந்த வகையில் என்று கேட்க யாருக்கும் துணிவில்லை.

அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மனுஷன் மனதார நம்புகிறார். கை வைத்தேன், வந்தது. கண்ணுக்கு முன்னால் நடப்பதை நம்பாமல் வேறு எதைத்தான் நம்புவது? எல்லாம் கைராசி. ஆண்டவன் சிலருக்குக் கொடுக்கிறான், சிலரைத் தள்ளவிட்டுப் பார்க்கிறான்.

இப்படிப்பட்டவருடைய பார்வையில் அந்தப் பழைய பைக் விழுந்தது. சுரேஸின் சித்தப்பா வத்தளைக்குக் குடிபோகும்போது விட்டுப்போனது. கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக மழையிலும் எச்சத்திலும் நனைந்ததில், துருப்பிடிக்காத பாகம் என்று எதையும் சொல்ல முடியாது. அதை ஓடவைக்கத்தான் வேண்டும் என்று உட்கார்ந்தவள் சுரேஸின் மனைவி சிவசக்தி. அவளுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்திருந்தது. பள்ளிக்கூடம் மலைக்கு அந்தப் பக்கம். பஸ் போய்ச் சேருவதற்குள் முதல் பாடம் முடிந்துவிடும். பள்ளித் தவணை தொடங்குவதற்குள் பைக் ஓட வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். வேறு வழி கிடையாது.

புருஷனும் பெண்சாதியுமாக ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். எல்லாம் முனகிக்கொண்டாவது வந்தன. புகைக்குழாயை எஞ்சினோடு பிடித்திருந்த ஒரே ஒரு போல்ட் மட்டும் அசையவில்லை. அது வந்தால்தான் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைத் திறக்கலாம். சிவசக்தி காலையும் மாலையும் அதற்கு டீசலும் பிரேக் ஒயிலும் கலந்து ஊற்றினாள், கொதிதண்ணீர் ஊற்றினாள், சின்னச் சுத்தியலால் தட்டினாள், மறுபடியும் ஊற்றிவிட்டுக் காத்திருந்தாள். பிள்ளைக்குக்கூட அவள் அப்படி எண்ணெய் தேய்த்ததில்லை.

அழகையா தினமும் வந்தார். வந்து, பலகையில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, "இன்னும் வரலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒருநாள் சுரேஸ் சலிப்போடு ஸ்பேனரை அவரிடமே நீட்டினான். அடுத்தவர் வேலையில் குறுக்கே வருவது தன் பழக்கமில்லை என்று பெருந்தன்மையாக மறுத்துவிட்டார். அவருடைய சாமர்த்தியம் கையில் இல்லை, காதில் இருக்கிறது. இறுகிய போல்ட் இளகும்போது கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். அதற்குத்தான் அத்தனை தேத்தண்ணியும்.

ஒரு மாலையில் அந்தச் சத்தம் வந்தது. சிவசக்தி ஸ்பேனரை ஒரு நூலளவு திருப்பினாள், உடனே நிறுத்தினாள். எண்ணெய்ப் போத்தலை எடுக்க அவள் திரும்பியதுதான் தாமதம், அழகையா பலகையை விட்டு எழும்பிவிட்டார். அந்த வயதில் அந்த வேகம் ஆச்சரியம்தான்.

"தள்ளு தம்பி, இப்ப பாரு," என்று சுரேஸை விலக்கிவிட்டு ஸ்பேனரைப் பிடித்தார்.

போல்ட் வெண்ணெய் போல வந்தது. ஆகா, என்ன இதம்! அழகையாவின் முகத்தில் பழைய சிரிப்பு பரவியது. பாவம், ஒரு விஷயம் அவருக்குத் தெரியாது. இளகுகிற போல்ட்டும், முறுகி உடையப்போகிற போல்ட்டும் கைக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும். இரண்டாவது இன்னும் கொஞ்சம் இதமாகவே இருக்கும். டக்கென்று ஒரு சத்தம். ஸ்பேனரோடு போல்ட்டின் தலை அவர் கையில் இருந்தது, மிச்சம் எஞ்சினுக்குள் இருந்தது.

பிறகு, அந்தத் தோட்டம் அதுவரை கேட்டிராத ஒன்றை அழகையா பேசினார்.

"நான் என்னம்மா செஞ்சேன்? கடைசியா சும்மா ஒரு திருப்பு. வேலையெல்லாம் நீங்க ரெண்டு பேருந்தானே செஞ்சீங்க?"

வாழ்நாளில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து முழு உண்மை வந்துவிட்டது. சிவசக்தி அழுதுவிடுவாள் போலத்தான் இருந்தாள். அழவில்லை. உடைந்த போல்ட்டின் தலையை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

"கைராசி ஒங்களோடதுன்னா இதுவும் ஒங்களோடதுதான் மாமா. தலை போனதால குழாய் வந்துரும், நாளைக்கு ஹெட்டைக் கழட்டித் தாறோம். பதுளைக்கு நீங்களே கொண்டு போங்க. மிச்சத்தை எடுக்காம திரும்பி வராதீங்க."

மறுநாள் அழகையா சாக்கில் சுற்றிய இரும்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். மலைப்பாதையின் வளைவுக்கு வளைவு அது அவர் வயிற்றில் இடித்தது. பதுளைக் கடைவீதிக்குப் பின்னால் எல்லாருக்கும் அண்ணன் முறையான பாறூக் நானாவின் வெல்டிங் கடை. நானா பார்த்துவிட்டு, உடைந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து ஒட்டி, ஆறவைத்துத் திருப்பினால் சேர்ந்து வரும், ஆனால் பொறுமை வேண்டும் என்றார். கடையில் உதவிக்கு ஆளில்லை. ஐயாவே பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் நட்டு தனியாகக் கழன்று விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. தீப்பொறி பட்டு அழகையாவின் நல்ல சட்டையில் ஓட்டைகள் விழுந்தன, சோறு தின்ன நேரமில்லை, இடுப்பு கழன்றது. ஒரு வேலைக்கு நடுப்பகுதி என்று ஒன்று இருப்பதை அவர் அன்றைக்குத்தான் கண்டார். அது இவ்வளவு நீளமாக இருக்கும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. மூன்றாவது நட்டு பிடித்துக்கொண்டது. ஸ்பேனரை மாட்டி முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டச் சொல்லிவிட்டு நானா தொழப் போனார். அழகையா ஆட்டினார். எண்ணெய் விட்டார், ஆட்டினார். மணிக்கட்டு வீங்கியது. நானா திரும்பி வந்து நின்று பார்த்தபிறகும் ஆட்டினார்.

கிறீச் என்றது.

அழகையா ஆட்டுவதை நிறுத்தினார். இந்த முறை அவசரப்படவில்லை. வியர்த்த கையைத் துடைக்கலாம் என்று ஸ்பேனரை ஒரு கணம் கீழே வைத்தார். வேன் ஒன்றுக்கு ஏதோ ஒட்டுவதற்காக வந்து, நெடுநேரமாக வாசலில் சாய்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு டிரைவர், கிளாஸை வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"கொஞ்சம் தள்ளுங்க ஐயா, நான் பாக்குறேன்."

இரண்டே சுற்று. துண்டு கழன்று வந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இதற்காகவா பொழுதெல்லாம் மாரடித்தீர்கள் என்று கேட்டான். பாறூக் நானா தலையை ஆட்டி, தம்பிக்கு நல்ல கைராசி என்றார்.

அழகையாவுக்கு வந்த கோபம் பஸ்ஸிலும் ஆறவில்லை, வழியில் பசறையில் குடித்த தேத்தண்ணியிலும் ஆறவில்லை. இருட்டுவதற்குள் வந்து சேர்ந்து சாக்கை இறக்கினார். சிவசக்தி எஞ்சின் ஹெட்டை வாங்கி, துண்டு வந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. இனிப் பூட்டுவது சுரேஸுக்கு இரண்டு நாள் வேலை, பள்ளிக்கூடம் திறக்கும் அன்றைக்குப் பைக் ஓடும். அதையெல்லாம் அழகையா கவனிக்கவில்லை. சட்டையின் ஓட்டைகளைக் காட்டினார், வீங்கிய கையைக் காட்டினார், அந்த டிரைவர் எப்படி நின்றான், எப்படிக் காத்திருந்தான், எப்படி வந்தான் என்று நடித்தே காட்டினார். நானா பார்க்கப் பார்க்க ஒருவனுடைய உழைப்பை இன்னொருவன் இரண்டு சுற்றில் தூக்கிக்கொண்டு போவதா? சொல்லும்போது அவர் குரல் உண்மையாகவே உடைந்தது.

சுரேஸ் சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சிவசக்தி முகத்தை மாற்றாமல் கேட்டாள்.

"அப்படியும் ஆளுங்க இருக்காங்களா மாமா?"

"இருக்காங்கம்மா," என்றார் அழகையா. "வெக்கங்கெட்ட ஜென்மங்க. நம்ம தோட்டத்துல அப்படி ஒருத்தனும் இல்ல, அதனால ஒனக்குத் தெரியல."

வாசகரே, இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டே வந்துவிட்டீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவருடைய முகம் இதற்குள் மனதில் வந்திருக்கும், அவருக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டும் என்றும் தோன்றியிருக்கும். தாராளமாகப் படித்துக் காட்டுங்கள். அழகையாவுக்கும் வேறொருவன் முகம்தான் வந்தது.