ஆபரேட்டர் ஓட்டிய தீபம்

திருவண்ணாமலையில் ஆபரேட்டரைப் போன்ற சந்தேகப் பிராணி இன்னொருத்தர் இருந்திருந்தால் ஊரே காலியாகியிருக்கும். டூரிங் டாக்கீசில் படம் ஓட்டியவர். டாக்கீசை மூடியதும், செங்கம் ரோட்டில் நான் நடத்திய பிரௌசிங் சென்டரில் வந்து உட்கார்ந்துகொண்டார். நான் கூப்பிடவில்லை. டீ வந்தால் கிளாசை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். வெள்ளைக்காரர் விபூதியோடு வந்தால், “நெசமா பூசியிருக்கானா, வேஷமா?” என்று என் காதைக் கடிப்பார்.

இன்டர்நெட்டில் வீடியோ அப்போது ஒரு நிமிஷம் ஓடும், மூன்று நிமிஷம் நிற்கும். முதல் தடவை படம் நின்றதுமே மனுஷர் பாய்ந்து மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். எட்டு கம்ப்யூட்டரும் செத்தன. பாதி மெயில் அடித்திருந்த வெள்ளைக்காரம்மா எந்த ஆசிரமத்திலும் சொல்லித்தராத வார்த்தைகளைச் சொன்னார்.

“அறிவிருக்காங்க உங்களுக்கு?” என்று கத்தினேன்.

“படம் நின்னா வெளக்குச் சூட்டுல ஃபிலிம் பத்திக்கும். அணைக்காம வேடிக்க பாக்கவா?”

“இதுல ஃபிலிமே கெடையாதுங்க!”

“நீ தொறந்து பாத்தியா?”

அந்த வருஷம் சிங்கப்பூரில் இருந்த என் தங்கச்சி ஏழு மாசக் கர்ப்பம். கார்த்திகை தீபத்தைப் பார்க்காமல் சாப்பிட மாட்டேன் என்று காலையிலிருந்து பட்டினி. சொன்னால் கேட்கிற ஜென்மமில்லை. மொட்டை மாடியில் கேமராவை மலையைப் பார்த்து வைத்து, வயரைக் கீழே இழுத்து, இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்ட ஏற்பாடு செய்தேன். படம் பெரிதாக, பளிச்சென்று போகட்டும் என்று எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தேன்.

ஆறு மணி. மலையில் தீபம் ஏறியது. ஊரே அரோகரா என்று அலறியது. போனில் தங்கச்சி, “அண்ணா, வெறும் மலதான் தெரியுது. அப்பிடியே நிக்குது” என்றாள். குரலில் தெம்பே இல்லை. அங்கே ராத்திரி எட்டரை.

ஆபரேட்டர் எழுந்தார். சுவிட்சுக்குத்தான் போகிறார் என்று கையை இறுக்கிப் பிடித்தேன்.

“உட்றா! எவன்டா இவ்ளோ பெருசா காட்டச் சொன்னது? மல எங்கயும் ஓடிடாது. ஆடறது தீபம் ஒண்ணுதான். அத ஓட்டு. சைசக் கொற, தெளிவையும் கம்மி பண்ணு.”

குறைத்தேன். படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கியது. மலை தார் உருண்டை மாதிரி ஆனது. உச்சியில் மஞ்சளாக ஒரு புள்ளி. எனக்கு அழுகையே வந்தது.

“தெரியுதுண்ணா!” என்றாள்.

போனைப் பிடுங்கினார். “தெரிஞ்சா போதாதும்மா. ஃபோட்டோகூடத் தெரியும். ஆடுதா?”

“ஆடுதுங்க.”

“எந்தப் பக்கம் சாயுது?”

“எடது பக்கம்.”

வாசலுக்குப் போய் மலையை அண்ணாந்து பார்த்தார். திரும்பி வந்து படத்தைப் பார்த்தார். மறுபடியும் மலை. அதுவரை அவளைக் காக்க வைத்துவிட்டு, “நெசந்தான். சாப்புடும்மா” என்றார். அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.

அவரும் அன்றைக்கு விரதம் என்று அப்புறம்தான் தெரிந்தது. வீட்டிலிருந்து வந்த பொரி உருண்டையை நீட்டினேன். வாங்காமல் முறைத்தார்.

“வெல்லம் பழசா?”

வேறு நாளாக இருந்தால் தலையிலேயே போட்டிருப்பேன். உருண்டையை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை முதலில் நான் தின்று காட்டினேன்.